ஏழரை பாயிண்ட்

மலைப்பாதையில் வாடகை வண்டி ஓட்ட பர்மிட் வேண்டுமென்றால் ஒருத்தருக்கு மூன்று தடவைதான் பரீட்சை. அதுவும் நாற்பத்தைந்து வயதுக்குள். இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ தெரியாது. ஆனால் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அந்த இருபத்திரண்டு வளைவுகளில் அவன் ஒரு நாளும் ஏறியிருக்க மாட்டான், அது மட்டும் நிச்சயம். டிரைவரக்கா இரண்டு தடவை தோற்றாயிற்று. நாற்பத்தைந்து முடிய இன்னும் ஏழு வாரம். மூன்றாவது பரீட்சைக்குத் தேதியும் வந்துவிட்டது. பதினெட்டு நாளில், திங்கட்கிழமை, காலை பத்து மணி.

ஸ்டாண்டில் அவளை எல்லாரும் டிரைவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவள். பள்ளிக்கூட வேன், கம்பெனி வண்டி, கல்யாண வண்டி, எல்லாம் பார்த்தாயிற்று. "சாவியை வெச்சிட்டுப் போ" என்று ஒருத்தன் சொன்னால் வைத்துவிட்டுப் போகவேண்டிய பிழைப்பு. இப்போதுதான் சொந்தமாக ஒரு வண்டி, டிரைவர் போக ஏழு பேர் உட்காரும் பழைய டர்போ வண்டி. பர்மிட் கிடைத்தால் மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் அவளே முதலாளி, அவளே தொழிலாளி. கிடைக்காவிட்டால் மறுபடி சாவியை வாங்கி, சாவியை வைத்து, சாகும்வரை அதே கதை. இதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

முதல் தடவை ஒன்பதாம் வளைவில் இழுக்கச் சக்தி இல்லாமல் வண்டி முனகிக்கொண்டு நின்றது. இரண்டாம் தடவை அவள் விடாமல் மிதித்தாள். பதினாலாம் வளைவில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, ஒரு பிஸ்டன் ஓட்டையாகி, பின்னால் வெள்ளைப் புகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டே 'தேறவில்லை' என்று எழுதினார்.

அவள் வீட்டுக்காரர் இன்ஜின் மெக்கானிக். ஊரில் அவருக்குப் 'போதும்' என்று பட்டப்பெயர். இளவட்டங்கள் வந்து, "இன்னும் அம்பது குதிரைச் சக்தி ஏத்திக் குடுங்க" என்று கேட்டால், "போதும், போதும், இருக்கறதை ஒழுங்கா ஓட்டு" என்று விரட்டிவிடுவார். எரிந்துபோன இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, மனைவியிடமும் அதையேதான் சொன்னார்.

"இதோ பாரு. டர்போங்கறது காத்தை அமுக்கி உள்ள ஊதற விசிறி. நிறைய ஊதினா நிறைய சக்தி, நிறைய சூடு. நமக்கு நிறைய வேணாம். பத்துல ஒரு பங்கு கூடினா போதும். ஊதற காத்தைக் குளிர வைக்கிற பெட்டியைப் பெருசாக்கிடலாம். பிஸ்டனை நல்லா அடிச்சு இறுக்கின கெட்டிப் பிஸ்டனா போட்டுடலாம். ஏறணும். ஏறினதுக்கப்புறமும் உயிரோட இருக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, செய்ங்களேன்."

"புதுப் பிஸ்டனுக்குத் தக்கபடி சிலிண்டரைக் கடையணும்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யார்கிட்ட கடையறது?"

அங்கேதான் வில்லங்கம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சிலிண்டரை ஒழுங்காகக் கடைந்து தரும் லேத் பட்டறை ஒன்றே ஒன்று. அது அவளுடைய சொந்த அண்ணனுடையது. அளவு விஷயத்தில் புலி, அதனால் அவனுக்கு 'மைக்ரோ' என்று பேர். வாய் விஷயத்திலும் புலிதான், கடித்து வைத்துவிடுவான். மச்சானும் மாப்பிள்ளையுமாகத் தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்த இரண்டு பேரும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு வாடிக்கையாளரின் இன்ஜின் டக்டக்கென்று தட்டியது. "கடைஞ்சது கோணல்" என்றார் இவர். "கட்டினவன் கோணல்" என்றான் அவன். அதுவும் அந்த வாடிக்கையாளர் முன்னாலேயே. கடைசியில் பார்த்தால் எண்ணெய்தான் மட்டம். அது இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. தெரிந்து என்ன? யார் முதலில் வாயைத் திறப்பது? அப்படியே நாலு வருஷம்.

இந்த நாலு வருஷமும் நடுவில் மாட்டிக்கொண்டு அல்லாடியவள் அவள்தான். ஒரு வீட்டு விசேஷம் என்றால், ஒரு சாவு என்றால், இவர் சொன்னதை அவனிடம், அவன் சொன்னதை இவரிடம். இரண்டு பேரும் சொல்வதை அப்படியே கொண்டுபோனால் இரண்டு வீடும் தீப்பற்றி எரியும். அதனால் அவள் ஒரு வித்தை பழகியிருந்தாள். போகிற வழியிலேயே முள்ளையெல்லாம் பொறுக்கி எறிந்துவிடுவாள். "அந்தத் திமிர் பிடிச்சவனை வரச் சொல்லு" என்பது அவள் வாயில் "உன்னை வரச் சொன்னாருண்ணே" என்று ஆகும். "அவர் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலை" என்பது "கொஞ்சம் வேலையாம், அடுத்த வாரம் வரானாம்" என்று ஆகும். இதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு. தான் இல்லாவிட்டால் குடும்பம் நாறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சிலிண்டர் கட்டையையும் புதுப் பிஸ்டன்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் பட்டறைக்குப் போனார்கள். கணவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. எதிர்ச்சாரியில் பைக்கை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் லேத்தை விட்டு வெளியே வரவில்லை. நடுவில் இருபது அடி. கூப்பிட்டால் கேட்கும், ஆனால் கூப்பிட மாட்டார்களே!

அண்ணன் பிஸ்டனைக் கையில் எடுத்து, மைக்ரோமீட்டரில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தான். "சரக்கு நல்ல சரக்குதான். இடைவெளி எவ்வளவு விடணுமாம்?"

இதுதான் கேள்வி. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் விடுகிற இடம். சூட்டில் பிஸ்டன் பருக்கும். இடம் குறைந்தால் சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கும். கூடினால் தொளதொளவென்று ஆடும்.

அவள் தெருவைக் கடந்தாள். "என்னங்க, எவ்வளவு விடணும்?"

"மூணு பாயிண்ட்."

அவள் திரும்பத் தெருவைக் கடந்தாள். "மூணு பாயிண்ட்டாம்ணே."

அண்ணன் கையிலிருந்த பிஸ்டனைப் பலகைமேல் டொக்கென்று வைத்தான். "மூணா? உன் வீட்டுக்காரருக்கு மூளை கழண்டு போச்சா? டர்போ வண்டிக்கு மூணு பாயிண்ட்ல பிஸ்டன் போட்டா பாதி மலை ஏறறதுக்குள்ள கவ்விக்கும். பெரிய மெக்கானிக்காம், வெங்காயம்! இப்படியே போய்ச் சொல்லு அவர்கிட்ட."

"அண்ணே..."

"சொல்லு போ. நான் சொன்னேன்னே சொல்லு."

அவள் மூன்றாவது தடவையாகத் தெருவைக் கடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பரீட்சைக்குப் பதினேழு நாள். இந்தப் பேச்சு அப்படியே போய்ச் சேர்ந்தால், கணவர் பைக்கை உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சிலிண்டர் கட்டை பட்டறை வாசலில் கிடக்கும். அடுத்த லேத் நாலு மணி நேரத் தூரத்தில், அங்கே ஒரு மாதம் வரிசை. போயிற்று, எல்லாம் போயிற்று. அண்ணன் எப்போதும் இப்படித்தானே குத்துவான், எதைத்தான் அவன் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தாள். வழக்கம்போல் முள்ளைப் பொறுக்கி எறிந்தாள்.

"என்னவாம்?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லை. சரின்னுட்டான்."

திரும்பிப் போய் அண்ணனிடம், "அவ்வளவே வெச்சாப் போதுமாம்" என்றாள். அண்ணன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான். "அவர் வண்டி, அவர் கணக்கு. எனக்கென்ன வந்தது? மூணுன்னா மூணு. மயிரிழை பிசகாம வெச்சுத் தரேன்."

ஆறாம் நாள் கட்டை வந்து சேர்ந்தது. உள்ளே கண்ணாடியாக மின்னியது. கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். பேரிங்கை இரண்டு தடவை அளந்தார். ரிங்கின் இடைவெளியை மூன்று தடவை அளந்தார். டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயைப் புதிதாக மாற்றி, அதன் வாயை வெளிச்சத்தில் பிடித்து ஊதிப் பார்த்தார். சிலிண்டரை மட்டும் அளக்கவில்லை. பிஸ்டனை உள்ளே இறக்கும்போது கை ஒரு கணம் நின்றது.

"கொஞ்சம் டைட்டா இருக்கற மாதிரி இருக்கே."

அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் அவர். "அவன் வாய்தான் மோசம். அளவுல அவனை அடிச்சிக்க ஆளில்லை. இதை அவன்கிட்டப் போய்ச் சொல்லித் தொலைக்காதே."

அதையும் அவள் சொல்லவில்லை.

சமதரையில் எழுநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கினார்கள். வண்டி வெண்ணெயாக ஓடியது. பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை காலை, சீட்டுகளில் ஆறு மணல் மூட்டைகளை வைத்து பெல்ட் போட்டுக் கட்டி, இரண்டு பேரும் மலை ஏறினார்கள். ஒன்பதாம் வளைவு வந்தது. முதல் தடவை முனகி நின்ற இடம். இப்போது இரண்டாம் கியரில் சிரமமே இல்லாமல் ஏறியது. அவள் சிரித்துவிட்டாள். கணவர் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டிலும் ஒரு சிரிப்பு இருந்தது.

பன்னிரண்டாம் வளைவைத் தாண்டியதும் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வேகம் செத்துக்கொண்டே வந்தது. இன்ஜினுக்குள் கீச்சென்று ஒரு சத்தம், பல்லைக் கடிப்பதுபோல். பதினாறு வருஷப் பழக்கம், அவள் கால் தானாகக் கிளட்சை அமுக்கியது. இன்ஜின் பட்டென்று செத்தது. கைப்பிரேக்கை இழுத்தாள்.

அரை மணி நேரம் ஆறவிட்டு, கணவர் ஸ்பேனரை மாட்டி இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார். முதலில் அசையவில்லை. பிறகு மெல்லச் சுற்றியது. அவர் நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

"கவ்வியிருக்கு. பிஸ்டன் கவ்வியிருக்கு. மூணு விட்டிருந்தா ஜென்மத்துக்கும் கவ்வாது. வேணும்னே குறைச்சு வெச்சிருக்கான். நாலு வருஷக் கோவத்தை உன் பொழப்புல தீர்த்துக்கிட்டான் உன் அண்ணன். கூடப் பிறந்தவளாச்சேன்னு கூடப் பாக்கலையே, பாவி!"

அவள் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தாள். கீழே ஊர் சின்னதாகத் தெரிந்தது. பாதி மலை ஏறறதுக்குள்ள கவ்விக்கும். அண்ணனின் குரல் காதுக்குள் அப்படியே கேட்டது. வெங்காயத்தோடு சேர்த்துத் தூக்கி எறிந்தது இதைத்தான். பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் அண்ணன் துரோகியாகவே இருப்பான். அவர்கள்தான் எப்படியும் பேசிக்கொள்வதில்லையே, ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அண்ணன் பட்டறையை விட்டால் இரண்டு நாளில் இதைச் சரிசெய்ய வேறு நாதி கிடையாது. பர்மிட் போய்விடும். வாயைத் திறந்தால் இவர் முகத்தில் இனி எப்படி முழிப்பது? ஐயோ, ஏன்தான் இந்த வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டதோ!

"அவன் சொன்னான்ங்க" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"மூணு விட்டா பாதி மலையில கவ்விக்கும்னு சொன்னான். அன்னிக்கே சொன்னான். உங்களைத் திட்டிக்கிட்டே சொன்னான். நான்தான்... நான்தான் உங்ககிட்டச் சொல்லலை. நீங்க கோவிச்சிக்கிட்டுக் கட்டையைப் போட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்து, சரின்னுட்டான்னு சொல்லிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"பிஸ்டனை இறக்கறப்போ டைட்டா இருக்குன்னேன். விளக்கைப் பிடிச்சிக்கிட்டு நின்னியே."

"நின்னேன்."

அதற்கப்புறம் அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை அமுக்கி அமுக்கி, பன்னிரண்டு வளைவும் இறங்கினார்கள். கீழே வந்ததும் ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, நேரே அண்ணன் பட்டறைக்குப் போனார்கள். இந்தத் தடவை கணவர் தெருவில் நிற்கவில்லை. உள்ளே போனார். அண்ணன் லேத்தை நிறுத்தினான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், நடுவில் நின்ற அவளைப் பார்த்தார்கள்.

"கவ்விடுச்சுண்ணே" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"கவ்வாம? நான்தான் படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! மூணு வெக்கச் சொன்னாரு, மூணு வெச்சேன். வேணும்னா பிரிச்சு அளந்து பாத்துக்கச் சொல்லு."

"மூணு வெச்சிருந்தா எப்படிக் கவ்வும்னு அவனைக் கேளு" என்றார் கணவர்.

"நீங்களே கேளுங்க!" என்று அவள் கத்தினாள். பட்டறையே அதிர்ந்தது. "வாய் இருக்கில்ல? ரெண்டு பேருக்கும் எட்டூருக்குக் கேக்கற மாதிரி வாய் இருக்கில்ல? திங்கட்கிழமை பத்து மணிக்கு என் பொழப்பு போகப்போகுது. இப்பவும் நான்தான் இங்கேயும் அங்கேயும் சுமக்கணுமா? பேசுங்க!"

பேசவில்லை. ஆனால் பிரித்தார்கள். வண்டியை உள்ளே தள்ளி, ஆளுக்கு ஒரு பக்கமாக ஸ்பேனரோடு குனிந்தார்கள். சாயங்காலத்துக்குள் இன்ஜின் வெளியே வந்து, தலை கழன்று, பிஸ்டன்கள் பலகைமேல் வரிசையாக உட்கார்ந்தன. பிஸ்டன்களின் பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோல் கீறல்கள். அண்ணன் உள்வாயை அளக்கும் போர் கேஜை எடுத்துச் சிலிண்டருக்குள் இறக்கினான். முள் ஆடி நின்றது. பிஸ்டனையும் அளந்தான். இரண்டையும் கழித்து, சுவரில் சாக்பீஸால் எழுதினான்.

"பாரு. மூணு. மயிரிழை பிசகலை."

கணவர் எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு நாலு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்தே கத்தினார். "யோவ் மச்சான், இது மூணாய்யா?"

"பின்னே? மில்லியில நூறு பாகம் போட்டா அதுல மூணு. மூணு பாயிண்ட்."

"நூறு பாகமா? பாயிண்ட்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பாகம்யா! எங்க பட்டறையில பொறந்ததுலேருந்து அதான் பாயிண்ட்!"

"எங்க லேத்துல பொறந்ததுலேருந்து இதான் பாயிண்ட்!"

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். சண்டைக்கு முந்தி இந்தத் தொல்லையே இருந்ததில்லை. அப்போதெல்லாம் கணவர் லேத் பக்கத்திலேயே நிற்பார். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் எடு மச்சான்" என்பார். எண்ணை யார் வாயால் சொன்னார்கள்? சொல்லவேண்டிய அவசியமே வந்ததில்லை. அதனால் ஒருத்தர் பாயிண்ட் இன்னொருத்தர் பாயிண்ட் இல்லை என்பது இருபது வருஷமாக இரண்டு பேருக்குமே தெரியாது.

அண்ணன் சாக்பீஸால் சுவரில் பெருக்கி வகுத்தான். "உங்க மூணு எங்க கணக்குல... ஏழரை. ஏழரை பாயிண்ட் மாப்ளே."

"ஏழரைதான்" என்றார் கணவர். "நல்லாப் பிடிச்சுது நமக்கு ஏழரை."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் தங்கையைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "மூணு கவ்விக்கும்னு நான் சொன்னதை நீ சொல்லியிருந்தா, அவர் அன்னிக்கே உள்ள வந்து என் சட்டையைப் பிடிச்சிருப்பாரு. அப்பவே தெரிஞ்சிருக்கும். இல்லை?"

"ஆமாண்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை. அண்ணன் சாணைக்கல்லால் சிலிண்டரை ஏழரைக்குத் தேய்த்தான். நாலு தேய்ப்பு, ஒரு அளவு. மறுபடி நாலு தேய்ப்பு, ஒரு அளவு. கணவர் பிஸ்டன்களின் கீறலை மெல்லிய உப்புத்தாளால் வழித்தார். மச்சானும் மாப்பிள்ளையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டார்கள். அளவைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, நாலு வருஷத்துக்கு முந்தைய அந்த வாடிக்கையாளர் எவ்வளவு கஞ்சன் என்பதைப் பற்றி. அவளிடம் மட்டும் கணவர் பேசவில்லை. எண்ணெய்த் துணி வேண்டுமென்றால், "மச்சான், அவளை அந்தத் துணியை எடுக்கச் சொல்லு" என்றார். துணி அவள் கையிலேயேதான் இருந்தது. அவள் அதை அண்ணனிடம் கொடுத்தாள், அண்ணன் அவரிடம் கொடுத்தான். இதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

திங்கட்கிழமை காலை இன்ஜின் ஓடியது. பழக்குவதற்கு எழுநூறு கிலோமீட்டர் கிடையாது, நாற்பதுதான் கிடைத்தது. மலையடிவாரத்தில் கணவர் அண்ணனிடம் சொன்னார்: "முதல் ஆறு வளைவு அமுக்கவே வேணாம்னு சொல்லு. பன்னிரண்டு தாண்டறவரைக்கும் மூணாவது கியரைத் தொட வேணாம்னு சொல்லு."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள், "கேட்டுச்சு" என்றாள் அவள்.

சீட்டுகளில் ஆறு மணல் மூட்டைகளும் மறுபடி ஏறியாயிற்று. ஆய்வாளர் அதே ஆய்வாளர். ஏறி உட்கார்ந்து மூக்கைச் சுளித்தார். "இதான் கடைசி, தெரியுமில்லம்மா? முப்பத்தஞ்சு நிமிஷம். நடுவுல நின்னா அவ்வளவுதான். முள்ளு சிவப்பைத் தொட்டாலும் அவ்வளவுதான்."

"தெரியும் சார்."

ஆறு வளைவு மெல்ல ஏறினாள். ஒன்பது தாண்டியது. பதினொன்றில் காது இன்ஜினை விட்டு நகரவில்லை. கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வந்துவிடுமோ, வந்துவிடுமோ என்று உயிர் போய்ப் போய் வந்தது. பன்னிரண்டு. தாண்டியது. வண்டி இழுத்துக்கொண்டே இருந்தது. பதினாலாம் வளைவில், போன தடவை புகை கிளம்பிய இடத்தில், முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அங்கேயே நின்றது. பதினாறு, பதினேழு.

பதினெட்டில் முன்னால் ஒரு லாரி. கல் ஏற்றிய லாரி, ஆமையாக ஊர்ந்தது. அவளும் ஊர்ந்தாள். காற்று இல்லாமல் முள் ஏறத் தொடங்கியது. ஆய்வாளர் ஒரு கண்ணை முள்ளிலும் இன்னொன்றைக் கடிகாரத்திலும் வைத்தார். "இருபத்தொன்பது" என்றார். லாரி அடுத்த வளைவுக்கு முன்னால் நின்றுவிடும்போல இருந்தது. அது நின்றால் இவளும் நிற்கவேண்டும். நின்றால் முடிந்தது கதை. பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் நேராக நூறடி இருக்கும். எதிரே வண்டி இல்லை. முன்பெல்லாம் இந்த வண்டியில் இந்த ஏற்றத்தில் நூறடியில் ஒரு லாரியைத் தாண்டுவது நடக்கிற காரியமா?

மிதித்தாள். டர்போ சீறியது. அதிகமில்லை, பத்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கு வண்டியை முதுகில் கை வைத்துத் தள்ளியது. லாரியின் சக்கரம், கதவு, முகம், எல்லாம் பின்னால் போயின. வளைவில் சரியாகத் திருப்பினாள். ஆய்வாளர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார். முள் இறங்க ஆரம்பித்தது. அவள் வாய்விட்டு அழுதுகொண்டே மீதி மூன்று வளைவும் ஏறினாள்.

"முப்பத்திரண்டு" என்றார் ஆய்வாளர். தாளில் எழுதினார். முத்திரையை வாயால் ஊதி ஈரமாக்கிக் குத்தினார். "கண்ணைத் துடைச்சிட்டு இறங்கும்மா. இறக்கத்துலதான் ஜனம் சாகுது."

அவள் கீழே வந்தபோது இரண்டு பேரும் சாலையோரம் நின்றிருந்தார்கள். பர்மிட்டைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டினாள். அண்ணன் ஓடிவந்து பிடுங்கிப் படித்தான். கணவர் நேரே போய் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார், முகர்ந்து பார்த்தார், எண்ணெய் அளந்தார். பிறகு பானெட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினார்.

"அடுத்த தடவை அவன் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினாலும், திட்டினபடியே வந்து சொல்லு."

அவள் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"நான் பண்ணினது தப்பு. பெரிய தப்பு. என் பர்மிட்டையே நானே கெடுத்துக்க இருந்தேன். சாகறவரைக்கும் அது என் நெஞ்சுல இருக்கும். ஆனா இனிமே திட்டினபடியும் சொல்ல மாட்டேன், திருத்தியும் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் உங்க ரெண்டு பேர் பேச்சையும் சுமந்தேன். இனிமே காசு குடுக்கறவங்களைத்தான் சுமப்பேன். உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா, அவன் அதோ நிக்கறான். நடந்து போங்க."

அண்ணன் பர்மிட்டை மெதுவாக அவள் மடியில் வைத்தான். சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் ஒரு கிழவரும் மூட்டையோடு மேல் ஊருக்கு வண்டி பார்த்து நின்றிருந்தார்கள். அவள் மணல் மூட்டைகளை இறக்கச் சொல்லி இரண்டு பேரையும் விரட்டினாள். இறக்கினார்கள்.

காத்திருந்த மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். இருவரும் மணல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று அவள் நின்று கேட்கவில்லை.